சாவியை வாங்கும் முன்

ஓசூரில் தயாரான டிவிஎஸ் 50 சந்தைக்கு வந்தது 1980இல். அன்று முப்பது வயதில் அதைக் கடனுக்கு வாங்கிய பள்ளி ஆசிரியருக்கோ பால்காரருக்கோ இன்று எழுபத்தைந்து வயது ஆகிவிட்டது. தமிழ்நாட்டில் மோட்டார் வண்டியின் மேல் உட்கார்ந்தபடியே முதுமைக்குள் நுழைந்த முதல் பெருங்கூட்டம் இவர்கள்தாம். இவர்களுடைய அப்பாக்கள் நடந்தார்கள், சைக்கிள் மிதித்தார்கள், மாட்டுவண்டி பூட்டினார்கள். முழங்கால் ஓய்ந்தபோது நடை ஓய்ந்தது; மூச்சு வாங்கத் தொடங்கியதும் சைக்கிள் திண்ணையோரம் சாய்ந்தது. மாட்டுவண்டியில் கிழவர் தூங்கிப்போனாலும் மாடு வீடு வந்து சேர்ந்துவிடும். இனி வேண்டாம் என்று இன்னொருவர் வந்து சொல்ல வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை, உடம்பே சொல்லிவிட்டது. எஞ்சின் வந்து அந்தக் கணக்கைக் கலைத்தது. தெருமுனைவரை நடக்க முடியாதவர் பத்து கிலோமீட்டர் போய்வருகிறார், மணிக்கட்டைத் திருகினால் போதும். நிலத்தைப் பிள்ளைகள் பேருக்கு எப்போது எழுதுவது, கடைக் கல்லாவில் மகனை எப்போது உட்காரவைப்பது என்பதற்கெல்லாம் நம்மிடம் ஏதோ ஒரு வழக்கம் இருக்கிறது, குறைந்தது சண்டை போடுவதற்காவது ஒரு முறை இருக்கிறது. வண்டிச் சாவியை எப்போது கீழே வைப்பது என்பதற்கு எதுவுமே கிடையாது.

வழக்கம் இல்லாத இடத்தில் தந்திரம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மெக்கானிக்கிடம் சொல்லி ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவைப்பது, பெட்ரோலை வடித்துவிடுவது, சர்வீசுக்கு விட்டிருக்கிறது பார்ட்ஸ் வரவில்லை என்று மாதக்கணக்கில் இழுப்பது, ஊருக்கு வந்த மாப்பிள்ளை எடுத்துப் போய்விட்டதாகச் சொல்வது எல்லாம் நம் வீடுகளில் சர்வசாதாரணம். தந்திரம் பலிக்காவிட்டால் அதட்டல்: ‘இந்த வயசுல உங்களுக்கு எதுக்குப்பா வண்டி?’ அந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பதிலுக்காகக் கேட்பதில்லை. ஆனால் அதற்குப் பதில் உண்டு, அந்தப் பதிலில்தான் விஷயமே இருக்கிறது. ரேஷன் கடை, பேங்க், மருந்துக்கடை, உழவர் சந்தை, வயல், கூட்டுறவுச் சங்கம், கோயில், நூலகம், நாலு பேர் உட்காரும் டீக்கடை பெஞ்சு என்று எழுபது வயதுக்காரர் ஒருவரின் வாரம் முழுக்க அந்த வண்டியில் கோத்துக் கிடக்கிறது. அதிலும் முக்கியமாக, இவற்றுள் எதற்கும் அவர் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. என் வாதம் இதுதான்: முதியவரிடமிருந்து வண்டியை வாங்கும்போது நாம் வாங்குவது பயணத்தை அல்ல, கேட்காமல் போகும் வசதியை. அதற்கு ஈடாக ஒன்றைக் கையில் கொடுக்காமல் சாவியை மட்டும் வாங்குவது பாதுகாப்பாகாது. அது ஆபத்தை நம் கண் படாத வேறொரு இடத்துக்கு மாற்றிவைப்பது.

வண்டி ஓட்டுவதில் முதுமை என்ன குறைக்கிறது என்பதை மழுப்பாமல் சொல்லிவிட வேண்டும். அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் இருபது வயதுக்காரருக்குச் சேர்வதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். பாவை சுருங்குகிறது, லென்ஸ் மஞ்சளிக்கிறது. எதிரே வரும் ஹெட்லைட் கண்ணில் அடித்த பின் பார்வை தெளிய அதிக நேரம் பிடிக்கிறது. சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படித்துவிடுபவர்கூட, அந்தி மங்கலில் சாம்பல் நிறச் சட்டையோடு சாலையைக் கடப்பவரைத் தவறவிடலாம். நேரே பார்த்துக்கொண்டிருக்கும்போது பக்கவாட்டில் நுழையும் பொருளை உடனே கவனிக்கும் திறனும் சுருங்குகிறது. கழுத்தெலும்பு தேய்ந்தவர் தலையைத் திருப்பிப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சத்தத்தை நம்பி வலப்பக்கம் திரும்புகிறார். காதும் மந்தமானால் அந்தச் சத்தமும் இல்லை. இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் வலப்பக்கத் திருப்பம்தான் முதியவருக்குக் கண்டம். எதிரே வருபவரின் வேகத்தையும் தூரத்தையும் ஒரு நொடிக்குள் கணித்துவிட்டுத் துணிய வேண்டும். இவற்றோடு மாத்திரைகள் சேர்கின்றன. தூக்க மாத்திரையும் சளி மாத்திரையும் மறுநாள் காலைவரை மந்தத்தை விட்டுச்செல்லக்கூடியவை; சில சர்க்கரை மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு வேளைக்குச் சாப்பிடாமல் வெயிலில் கிளம்பினால் லோ சுகர் வந்து நடுரோட்டில் தலை சுற்றும்.

இதைப் பற்றிய உலக ஆய்வுகளில் பெரும்பாலானவை காரைப் பற்றியவை. நம் முதியவர்களில் பெரும்பான்மையினர் ஓட்டுவது இரண்டு சக்கரம். இரண்டு சக்கரம் கேட்பது வேறு. ஒவ்வொரு சிக்னலிலும் காலை ஊன்றி வண்டியின் எடையைத் தாங்க வேண்டும், ஒவ்வொரு வாசலிலும் சென்டர் ஸ்டாண்டு போட வேண்டும். வேகத்தடையில் மெதுவாகப் போகும்போதுதான் நிதானம் அதிகம் தேவைப்படுகிறது. ‘அவர் இருபதுலதான் போவார், பயமில்ல’ என்று வீட்டில் சொல்லும் ஆறுதல் இதனால்தான் பாதி பொய். மெதுவாகப் போய் விழுந்தவருக்கும் இடுப்பெலும்பு முறிகிறது. இதய நோய்க்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் தலையில் லேசாக அடிபட்டு, ஒன்றுமில்லை என்று எழுந்து வந்து, சில வாரம் கழித்துப் பேச்சுக் குழறி மருத்துவமனைக்குப் போவதும் உண்டு; மூளையின் மேலுறையடியில் கசிந்த ரத்தம் அவ்வளவு மெதுவாகச் சேரும். ஒன்றிய அரசின் கணக்குப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 44 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்கள் இருசக்கர வண்டிகளில் போனவர்கள். தமிழ்நாட்டில் அந்த ஆண்டு மாண்டவர்கள் 17,884 பேர்.

ஆகவே பிள்ளைகளின் பயம் வீண்பயம் இல்லை. ஆனால் அந்தப் பயம் வயது என்ற ஒற்றை எண்ணில் போய் நின்றுவிடுகிறது. முதிய ஓட்டுநர்களின் இறப்பு விகிதம் கூடுவதை அமெரிக்கத் தரவுகளைக் கொண்டு பிரித்துப் பார்த்தவர்கள், அவர்கள் அதிகமாக மோதுவதைவிட, மோதினால் பிழைப்பது குறைவு என்பதே பெரிய காரணம் என்று கண்டார்கள். அதாவது முதியவர் ஊரை இடித்துத் தள்ளுகிறார் என்பதைவிட அவர் எளிதில் உடைகிறார் என்பதே உண்மைக்கு நெருக்கம். பெரும்பாலானவர்கள் யாரும் சொல்லாமலே தங்களைக் குறுக்கிக்கொள்ளவும் செய்கிறார்கள். முதலில் இரவை விடுகிறார்கள், பிறகு மழையை, பிறகு பைபாஸை. எழுபது வயதிலும் சரியாக ஓட்டுபவர் இருக்கிறார், அறுபதிலேயே விட்டிருக்க வேண்டியவரும் இருக்கிறார். குறைபாடுகளில் சில திரும்பப் பெறக்கூடியவை. கண்புரை இருந்தவர்களில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு, செய்துகொள்ளாதவர்களைவிட ஏறத்தாழப் பாதி விபத்துகளே நேர்ந்ததாக அலபாமாவில் நடந்து 2002இல் வெளியான ஆய்வு சொல்கிறது. 1976இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய மாநிலம் இது. கண்புரைக்கு ஏழைக்கும் எட்டும் சிகிச்சை இங்கே இருக்கிறது. ஆனாலும் அப்பாவின் வண்டியைப் பற்றிச் சண்டை நடக்கும் எத்தனை வீடுகளில் முதல் காரியமாக அவருடைய கண்ணைச் சோதித்திருக்கிறார்கள்? சண்டை சுலபம், அதற்கு அப்பாயின்ட்மென்ட் வேண்டாம்.

இந்தத் தர்மசங்கடத்தைக் குடும்பத்தின் தலையில் கட்டாமல் சட்டம் ஏற்றுக்கொள்ளட்டுமே என்பது நியாயமான எதிர்வாதம். குறிப்பிட்ட வயதில் எல்லோரையும் சோதித்துத் தேறாதவரை நிறுத்திவிட்டால் மகன் கெட்டவனாக வேண்டியதில்லை. நம் சட்டத்தில் அதற்கான எலும்புக்கூடு ஏற்கெனவே இருக்கிறது. 55 வயதைத் தாண்டியவருக்கு லைசென்ஸ் ஐந்தாண்டுக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படுகிறது. படிவம் 1 என்ற சுய உறுதிமொழியில் 25 மீட்டர் தூரத்திலிருந்து நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா, மாலைக்கண் உண்டா என்றெல்லாம் கேட்கிறார்கள். 40 வயதைக் கடந்தவர் படிவம் 1ஏ என்ற மருத்துவச் சான்றும் தர வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, நோயாலோ குறைபாட்டாலோ ஒருவர் ஓட்டத் தகுதியற்றவர் என்று நம்பக் காரணமிருந்தால் லைசென்ஸை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யவோ புதிய மருத்துவச் சான்று கேட்கவோ அதிகாரம் கொடுக்கிறது. எழுத்தில் எல்லாம் சரி. நடைமுறையில் அந்தச் சான்று ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு எதிரே, விண்ணப்பதாரரின் முகத்தைக்கூடப் பார்க்காமல் கையெழுத்தாகி வருவதைத் தமிழ்நாட்டில் அறியாதவர் இல்லை. போதாக்குறைக்கு, மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத, 250 வாட்டுக்கு மிகாத மின்சார ஸ்கூட்டருக்கு லைசென்ஸே தேவையில்லை. முதியவர்களைக் குறிவைத்து அதை அப்படியே சொல்லி விற்கிறார்கள். லைசென்ஸ் போன மறுவாரமே ஒருவர் சட்டப்படி இரண்டு சக்கரத்தில் ஏறலாம்.

சட்டம் ஒழுங்காக நடைமுறைக்கு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு டென்மார்க் ஒரு பாடம். அங்கே 2006இல் எழுபது வயதில் லைசென்ஸ் புதுப்பிப்பவர்களுக்கு நினைவாற்றலையும் அறிவுத்திறனையும் சோதிக்கும் தேர்வைக் கொண்டுவந்தார்கள். தேர்வுக்கு முன்னும் பின்னும் நடந்த உயிர்ப்பலி விபத்துகளை ஒப்பிட்ட ஆய்வு 2012இல் வெளிவந்தது. முதிய கார் ஓட்டுநர்கள் சிக்கிய விபத்துகள் குறையவில்லை. ஆனால் நடந்துபோன, சைக்கிளில் போன முதியவர்களின் சாவு கூடியிருந்தது. இளையவர்களிடம் அப்படி ஒரு கூடுதல் காணப்படவில்லை. காரை விட்டவர்கள் வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை, கவசமில்லாத உடம்போடு அதே சாலைக்கு வந்தார்கள் என்பதுதான் இதற்குப் பொருத்தமான விளக்கம். நடைபாதையும் தனி சைக்கிள் பாதையும் உள்ள டென்மார்க்கிலேயே இந்த நிலை. நம் ஊரில் வண்டியை விட்டவர் நடக்கப்போகும் இடம் எது? நடைபாதை இருந்தால் அதில் டிரான்ஸ்பார்மர் இருக்கும், இட்லிக் கடை இருக்கும், நிறுத்திய பைக்குகள் இருக்கும். 2022இல் இந்தியச் சாலைகளில் மாண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பாதசாரி. நாற்கரச் சாலைக்கு இந்தப் பக்கம் வீடும் அந்தப் பக்கம் வயலுமாக இருப்பவர், இதுவரை ராங் சைடில் அரைக் கிலோமீட்டர் வண்டியில் போய் யு-டர்ன் எடுத்தவர், இனி சென்டர் மீடியனில் ஏறிக் குதிப்பார். சாவியை வாங்கிய மகன் அதைப் பார்க்கமாட்டான், அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொரு எதிர்வாதம் இதைவிடக் கனமானது. அப்பாவின் சுதந்திரம் அப்பாவின் உயிரோடு மட்டும் தொடர்புடையதில்லையே, சாலையில் மற்றவர்களும் போகிறார்களே. 2019 ஏப்ரலில் தோக்கியோவின் இக்கெபுகுரோவில் 87 வயது முன்னாள் உயரதிகாரி ஒருவர் ஓட்டிய கார் சாலையைக் கடந்துகொண்டிருந்தவர்கள்மேல் பாய்ந்து, இளம் தாயும் அவருடைய மூன்று வயது மகளும் இறந்தார்கள். காரில் கோளாறு என்று அவர் நீதிமன்றத்தில் சாதித்தார். பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார் என்று தீர்ப்பாகி 2021இல் ஐந்தாண்டு சிறைத் தண்டனை பெற்றார். நாடே அதிர்ந்தது. அந்த ஆண்டு ஜப்பானில் ஏறத்தாழ ஆறு லட்சம் பேர் தாங்களாகவே லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார்கள். இந்த எதிர்வாதத்துக்கு நான் மறுப்புச் சொல்லப்போவதில்லை. தெரிந்த வழியில் வழி தவறுபவர், சிவப்பு விளக்கு எதற்கு என்று ஒரு கணம் திகைப்பவர், வலிப்பு வந்தவர் ஆகியோரிடமிருந்து சாவியை இன்று மாலையே வாங்கிவிட வேண்டும், மாற்று ஏற்பாட்டை நாளைக் காலை யோசித்துக்கொள்ளலாம். ஈடு கொடுத்துவிட்டுத்தான் வாங்க வேண்டும் என்ற என் வாதம் அவர்கள் விஷயத்தில் காலதாமதத்துக்குச் சாக்காகக் கூடாது. ஆனால் அதே ஜப்பானில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். லைசென்ஸை ஒப்படைத்தவருக்கு அங்கே ஒரு சான்றட்டை உண்டு. அதைக் காட்டினால் பல ஊர்களில் பஸ்ஸிலும் டாக்ஸியிலும் சலுகை கிடைக்கும். எடுப்பதோடு ஏதாவது கொடுக்கவும் வேண்டும் என்று அந்த அரசுக்குத் தோன்றியிருக்கிறது. பஸ்ஸே ஓடாத மலைக் கிராமங்களில் அந்தச் சலுகைக்கு மதிப்பில்லை. அங்கே வண்டியை விடுவது வயோதிகர்களுக்கு இன்னும் கடினமாகவே இருக்கிறது.

மாற்று வாகனம் தயாராக இருந்தால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? தீராது என்பதற்கு உலகறிந்த உதாரணம் பிரிட்டனின் மறைந்த அரசியாரின் கணவர் பிலிப். டிரைவர்களுக்குப் பஞ்சமே இல்லாத அந்த மனிதர் 97 வயதில் தானே ஓட்டிக்கொண்டிருந்தார். 2019 ஜனவரியில் சாண்ட்ரிங்காம் அருகே இன்னொரு காரோடு மோதி அவர் வண்டி கவிழ்ந்தது, எதிர்வண்டியில் இருந்த பெண்கள் காயமடைந்தார்கள். அடுத்த மாதம் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார். அரண்மனையாலேயே நிரப்ப முடியாத பள்ளம் ஒன்று அங்கே இருந்திருக்கிறது. ஏறி உட்கார வண்டி கிடைப்பது வேறு, நினைத்த நொடியில் யாருக்கும் காரணம் சொல்லாமல் கிளம்புவது வேறு. ‘எங்க போகணும் சொல்லுங்கப்பா, நான் கூட்டிட்டுப் போறேன்’ என்பது அன்பான வாக்கியம்தான். ஆனால் எங்கே என்று சொல்ல வேண்டியிருப்பதுதான் அவருக்குப் புதிது. டீக்கடை பெஞ்சுக்குப் போகணும் என்று ஒரு தகப்பன் மகனிடம் எப்படிக் கேட்பார்? மருத்துவமனைக்குக் கேட்பார், பேங்குக்குக் கேட்பார். அவசியமில்லாத பயணங்களை அவர் கேட்கவே மாட்டார், அவை அப்படியே செத்துப்போகும். அவருடைய நாளை நாளாக வைத்திருந்தவையோ அந்த அவசியமற்ற பயணங்கள்தாம். வண்டி ஓட்டுவதை நிறுத்திய முதியவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் தோன்றும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காவதாக, அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2016இல் வெளியான அமெரிக்கக் கட்டுரை ஒன்று சொல்கிறது. உடம்பு கெட்டதால்தான் நிறுத்தினார்கள், அதனால்தான் சோர்வு என்று கூறலாம். அந்தப் பங்கும் இருக்கத்தான் செய்யும். ஆனாலும் வீட்டுக்குள் அடைபட்டவருக்கு உடம்பு மேலும் கெடுவதை மருத்துவம் படிக்காதவர்களும் கண்டிருக்கிறோம்.

அப்படியானால் ஈடு எப்படியிருக்க வேண்டும்? கேட்காமல் கிடைக்க வேண்டும். நம் ஊர்களில் அதற்கு மிக அருகில் வருவது தெரிந்த ஆட்டோக்காரர். கூப்பிட்டால் வருபவர், மாதக் கணக்கு வைத்துக்கொள்பவர், மருந்துக்கடை வாசலில் இறக்கிவிட்டுக் காத்திருப்பவர். அந்தக் கணக்கைத் தீர்ப்பவர் மகனாக இருந்தால் மறுபடியும் கேட்க வேண்டியதாகிவிடும். பணம் முதலிலேயே அப்பாவின் கைக்குப் போய்விட வேண்டும், எங்கே செலவழிந்தது என்று விசாரணை கூடாது. செலவு அதிகம் என்று தோன்றும். பெட்ரோல், சர்வீஸ், டயர், இன்ஷூரன்ஸ், வண்டியை விற்ற பணம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் மலைப்பு ஓரளவு குறையும். அப்போதும் கைக்காசு கொஞ்சம் போகத்தான் செய்யும், விழுந்து கிடந்தால் ஆகும் செலவைப் போல ஆகாது. வண்டி மகன் பெயரில் பதிவாகியிருக்கும் வீடுகளில் இன்னொரு கணக்கும் உண்டு. செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டி விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, அதை வண்டியின் சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்பது 2004இல் உச்ச நீதிமன்றம் ஸ்வரண் சிங் வழக்கில் வகுத்த வழி. காலாவதியான லைசென்ஸோடு அப்பா ஓட்டுகிறார் என்று தெரிந்தும் பேசாமல் இருப்பது பெருந்தன்மை போலத் தெரியும், அது யார் தலையில் விடியும் என்று மகன் யோசித்துக்கொள்ளட்டும்.

பொதுப் போக்குவரத்து இந்த இடத்தில் கைகொடுத்திருக்க வேண்டும். சென்னையில் அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு 2016 முதல் மாதம் 10 இலவச பஸ் டோக்கன் தருகிறார்கள். மாதத்துக்குப் பத்து என்றால் போக ஐந்து, வர ஐந்து, வாரத்துக்கு ஒருமுறை வெளியே போய்வரலாம். பஸ்ஸின் முதல் படி தேய்ந்த முழங்காலுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. தாழ்தளப் பேருந்துகள் 2024இல் சென்னையில் மீண்டும் ஓடத் தொடங்கின, அதுவும் மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றப் படியேறிப் போராடியதன் பலனாக. முதியவர்கள் எந்தப் படியும் ஏறவில்லை, அவர்களுக்காகவும் சேர்த்து மற்றவர்கள் ஏறினார்கள். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் அறுபது வயதைக் கடந்திருந்தார்கள். இவ்வளவு பெரிய கூட்டத்தின் நடமாட்டம் இன்னமும் ஒவ்வொரு வீட்டின் தனிப்பட்ட தகராறாகவே நடந்துகொண்டிருக்கிறது.

பிள்ளைகள் பெங்களூரிலும் டல்லாஸிலும் இருக்கும்போது இதெல்லாம் யார் செய்வது என்று கேட்கலாம். தொலைவிலிருப்பவரால் ஆட்டோக்காரரைப் பேசிவைக்க முடியும், மருந்தை வீட்டுக்கு வரவழைக்க முடியும், பேங்க் வேலையைக் கற்றுத்தர முடியும். அவரால் முடியாதது ஒன்றுதான்: அப்பா எப்படி ஓட்டுகிறார் என்று பார்ப்பது. அதற்குப் பின்னிருக்கையில் உட்கார வேண்டும். போனில் அதட்டுவது இதற்கு மாற்றாகாது. மட்கார்டில் புதிய கீறல், திரும்பி முடித்தும் கண்சிமிட்டிக்கொண்டே போகும் இண்டிகேட்டர், சிக்னலுக்கு ரொம்ப முன்னாலேயே தொங்கத் தொடங்கும் கால்கள், பின்னால் வருபவர்கள் அடிக்கடி அடிக்கும் ஹாரன் எல்லாம் கூடவே போனால்தான் தெரியும். ஓட்டும் முறையைக் கண்ட பிறகு எழுகிற பேச்சுக்கும் வயதைக் கணக்கிட்டு எழுகிற பேச்சுக்கும் வித்தியாசத்தை எந்த அப்பாவும் உணர்வார். கூடவே இருக்கும் பிள்ளைகளின் பிரச்சினை வேறு. அவர்களுக்குக் காலை எட்டரை மணிக்குப் பேரனைப் பள்ளியில் விட்டுவர அதே தாத்தா வேண்டும். பத்து மணிக்கு அவர் டீக்கடைக்குக் கிளம்பும்போதுதான் வயது நினைவுக்கு வருகிறது. நம் வேலைக்கு ஓட்டலாம், தன் வேலைக்கு ஓட்டக் கூடாது என்றால் அங்கே பேசுவது பாதுகாப்பு அல்ல. சாவியைப் பற்றிப் பேச உட்காரும் முன், அவர் செய்துகொண்டிருக்கும் வீட்டு வேலைகளை முதலில் நாம் எடுத்துக்கொள்வதே ஒழுங்கு.

தந்திரத்தை முற்றிலும் ஒதுக்கவும் முடியாது. மறதி நோய் முற்றியவரிடம் நேற்றுப் பேசி எடுத்த முடிவு இன்று இல்லை. ஒவ்வொரு காலையும் புதிதாக மறுக்கப்படுவது அவருக்குக் கொடுமை. அந்த வீட்டில் வண்டியைக் கண் காணாத இடத்துக்கு அனுப்பிவிடுவது இரக்கமான செயல்தான், பிளக்கைக் கழற்றுவதும் குற்றமில்லை. புத்தி தெளிவாக உள்ளவரிடம் அதே தந்திரத்தைச் செய்வது அவரைப் புத்தி கெட்டவராக நடத்துவது. அவருக்கு அது புரியும், சொல்ல மாட்டார். தெளிவாக இருப்பவரிடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசலாம். பொழுது சாய்ந்த பின் வேண்டாம், மெயின் ரோட்டில் வேண்டாம், யாரையும் ஏற்றிக்கொள்ள வேண்டாம், பிறகு ஊருக்குள் மட்டும், பிறகு அதுவும் வேண்டாம். இதில் ஒவ்வொரு படியையும் அவரே சொல்லும்படி விட்டால் வீடு எடுக்கும் முடிவும் அவருடைய முடிவாகவே இருக்கும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் புதுப்பித்தல் தேதி அதற்கு ஒரு நல்ல தருணம். படிவம் 1ஏவை நிஜமான மருத்துவரிடம் நிஜமாகவே கொண்டுபோனால் போதும், பேச வேண்டியதில் பாதியை அவர் பேசிவிடுவார்.

இதுவரை அப்பாவைப் பற்றியே பேசியாகிவிட்டது, பேச்சு எப்போதும் அப்படித்தான் போகிறது. ஸ்கூட்டி ஓட்டும் அம்மாக்கள் பெருகிவிட்டார்கள், அவர்களுக்கும் இதே கேள்விகள் வரத்தான் போகின்றன. ஆனால் இன்று எழுபதைத் தாண்டிய பெண்களில் பெரும்பாலோர் ஓட்டக் கற்றவர்கள் இல்லை. அவர்கள் நாற்பது ஆண்டுகளாகப் பின்னிருக்கையில் ஒருபக்கமாக உட்கார்ந்து போனவர்கள். அப்பாவின் வண்டி நிற்கும் நாளில் அவர்களுடைய கோயிலும் தங்கை வீடும் சேர்ந்தே நிற்கின்றன, ஆனால் வீட்டில் நடக்கும் பேச்சில் அவர்களுக்கு நாற்காலி போடுவதில்லை. விழுந்தால் அவர்களும் விழுவார்கள் என்பதால் அப்பா எப்படி ஓட்டுகிறார் என்பது நன்றாகத் தெரிந்தவரும் அந்த அம்மாதான். ஒவ்வொரு திருப்பத்திலும் சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டவர் அவர். வேடிக்கையாக, மாற்று வழியில் முந்திக்கொண்டதும் அவரே. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எந்த பஸ் எத்தனை மணிக்கு வரும், எந்த கண்டக்டர் கை கொடுத்து ஏற்றிவிடுவார், எந்த நிறுத்தத்தில் நிழல் உண்டு என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிட்டது. வண்டியை விட்டவருக்கு முதல் சில வாரங்கள் பஸ் பழக்கிவிட அவரைவிடத் தகுதியான ஆள் அந்த வீட்டில் இல்லை. அப்பாவுக்கு மட்டும் டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கும்.